பழைய துப்பாக்கியும் காரீயக் குண்டும்

உலோகங்களின் வரிசையில் காரீயத்துக்கு உயர்ந்த இடம் கிடைத்ததில்லை. பொன்னுக்குரிய மதிப்பும் அதற்கு இல்லை. இரும்புக்குரிய உறுதியும் இல்லை. நகத்தால் கீறினாலும் அதன்மேல் கோடு விழும். ஆயினும், மனித வரலாற்றின் போக்கைப் பலமுறை திருப்பிய பொருள்களுள் அதுவும் ஒன்று. அச்செழுத்தாக நின்று அறிவைப் பரப்பியதும் காரீயமே; துப்பாக்கிக் குண்டாகப் பாய்ந்து அரசுகளைக் கவிழ்த்ததும் காரீயமே. இன்று மேல்நாடுகளில், பழைய இராணுவத் துப்பாக்கிகளைச் சேகரித்து வைத்திருப்போர் பலர் அவற்றுக்கு வேண்டிய குண்டுகளைத் தம் கையாலேயே காரீயத்தில் வார்த்துக் கொள்கின்றனர். அந்தப் பழக்கத்தை வழியாகக் கொண்டு, காரீயக் குண்டின் பின்னால் நிற்கும் பௌதிகத்தையும் இரசாயனத்தையும் வரலாற்றையும் மாணவர்களுக்கு எடுத்துரைப்பதே இப்பேச்சின் நோக்கம்.

எறிபடையாக மனிதன் காரீயத்தைத் தேர்ந்தெடுத்ததற்கு மூன்று காரணங்கள் உண்டு. முதலாவது, அதன் எடை. ஒரே கன அளவுள்ள நீரைவிடக் காரீயம் பதினொரு மடங்குக்கு மேல் கனமானது. கனமான பொருள் காற்றின் தடையை வென்று நெடுந்தூரம் செல்லும் என்பதை, கல்லையும் பஞ்சையும் எறிந்து பார்த்த சிறுவனும் அறிவான். இரண்டாவது, அது 327 டிகிரி சென்டிகிரேட் வெப்பத்திலேயே உருகிவிடும். இரும்பு உருகுவதற்கு 1,500 டிகிரிக்கு மேல் வேண்டும்; காரீயத்துக்கோ விறகு அடுப்பே போதும். மூன்றாவது, அதன் மென்மை. இம்மென்மையே பின்னாளில் அதன் பெரும் பலமாகவும், பிறகு அதன் குறையாகவும் ஆயிற்று. பண்டைக் கிரேக்கரும் ரோமானியரும் கவணில் வைத்து எறியக் காரீய உருண்டைகளை அச்சில் வார்த்தனர். அவற்றுட் சில, எதிரியை ஏளனம் செய்யும் சொற்கள் பொறிக்கப்பெற்று இன்றும் அகழாய்வுகளில் கிடைக்கின்றன. நம் நாட்டில் தினைப்புனம் காத்தவர் கவணில் கல்லை வைத்தனர். அவர்கள் காரீயத்தை வைத்தனர். தத்துவம் ஒன்றே.

துப்பாக்கி தோன்றிய பின்னரும் முந்நூறு ஆண்டுகளுக்கு மேலாகக் குண்டு என்பது ஓர் உருண்டையாகவே இருந்து வந்தது. குழலின் உட்புறம் வழுவழுப்பாக இருக்கும். குண்டு அதைவிடச் சற்றுச் சிறியதாக இருக்கும். அப்பொழுதுதான் வாய்வழியே போட்டவுடன் விரைவில் உள்ளே இறங்கும். ஆனால் அவ்வாறு தளர்வாக இருக்கும் குண்டு, வெளிப்படும்போது குழலின் பக்கங்களில் மோதி மோதி வரும். கடைசியாக எந்தப் பக்கத்தில் உராய்ந்ததோ அதற்கேற்ப ஏதோ ஒரு திசையில் சுழன்றுகொண்டு போகும். ஆதலின் நூறு கஜத்துக்கு அப்பால் குறி என்பது பெரும்பாலும் அதிர்ஷ்டத்தைப் பொறுத்ததாகவே இருந்தது.

இச்சுழற்சியின் விளைவை முதன்முதலில் முறையாக ஆராய்ந்தவர் பெஞ்சமின் ராபின்ஸ் என்னும் ஆங்கிலக் கணித அறிஞர். 1742-இல் அவர் வெளியிட்ட பீரங்கியியல் நூல், இத்துறையை விஞ்ஞானமாக்கிற்று. கனமான மரக்கட்டை ஒன்றை ஊசலாகத் தொங்கவிட்டு, அதன்மீது குண்டைச் சுட்டு, ஊசல் எவ்வளவு தூரம் விலகுகிறது என்று அளந்து, அதிலிருந்து குண்டின் வேகத்தை அவர் கணக்கிட்டார். கண்ணால் தொடர முடியாத வேகத்தை ஒரு மரக்கட்டையின் அசைவினால் அளந்த அத்திறம் வியப்புக்குரியது. குழலின் முனையை இடப்புறமாகச் சிறிது வளைத்து அவர் செய்த மற்றொரு சோதனையும் புகழ் பெற்றது. இடப்புறம் நோக்கிப் புறப்பட்ட குண்டு, வழியில் தொங்கவிட்டிருந்த மெல்லிய காகிதத் திரைகளைத் துளைத்துக் கொண்டு, போகப் போக வலப்புறம் வளைந்து சென்றது. வளைவின் வலப்பக்கச் சுவரில் உருண்டு வந்ததனால் குண்டுக்கு ஏற்பட்ட சுழற்சியே அதன் காரணம் என்று ராபின்ஸ் விளக்கினார். அவருடைய நூலை ஜெர்மன் மொழியில் பெயர்த்து விரிவுரை எழுதியவர், கணித மேதை ஆய்லர். இந்த ராபின்ஸ் தம் இறுதி நாட்களில் கிழக்கிந்தியக் கம்பெனியின் தலைமைப் பொறியாளராக நம் நாட்டுக்கு வந்தார் என்பதும், 1751-ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் கடலூரை அடுத்த புனித டேவிட் கோட்டையில் உயிர் நீத்தார் என்பதும் தமிழ்நாட்டு மாணவர்கள் அறிந்திருக்க வேண்டிய செய்தி.

தறிகெட்ட சுழற்சி குண்டை வழிதவறச் செய்கிறது. ஆனால், செல்லும் திசையையே அச்சாகக் கொண்ட ஒழுங்கான சுழற்சி அதை நிலைநிறுத்துகிறது. பம்பரம் சுழலும் வரையில் நிற்கிறது, சுழற்சி ஓய்ந்ததும் விழுகிறது அன்றோ? அதுபோலவே குண்டும். குழலின் உட்சுவரில் திருகாணியைப் போலச் சுற்றிச் செல்லும் பள்ளங்களை வெட்டினால், குண்டு அவற்றைப் பற்றிக்கொண்டு திருகியபடி வெளிவரும். இப்பள்ளங்களுக்குச் சுரி என்று பெயர்; இத்தகைய துப்பாக்கியே சுரிகுழல் துப்பாக்கி, அதாவது ரைபிள். ஓர் எளிய கணக்கைப் பாருங்கள். லீ-என்ஃபீல்டு என்னும் .303 துப்பாக்கியில் சுரி 10 அங்குலத்துக்கு ஒரு முறை முழுச் சுற்றுச் சுற்றுகிறது. குழலின் நீளம் ஏறத்தாழ 25 அங்குலம். எனவே குழலுக்குள் குண்டு சுற்றுவது இரண்டரைச் சுற்றே. ஆனால் வெளிவரும்போது அதன் வேகம் வினாடிக்கு 744 மீட்டர். 10 அங்குலம் என்பது 0.254 மீட்டர். 744-ஐ 0.254-ஆல் வகுத்தால், குண்டு வினாடிக்குச் சுமார் 2,900 முறை சுழல்கிறது என்பது விளங்கும்.

சுரிகுழலின் நன்மையை 18-ஆம் நூற்றாண்டிலேயே அறிந்திருந்தும், படைகள் அதை எளிதில் ஏற்கவில்லை. காரணம், சுரியைப் பற்ற வேண்டுமானால் குண்டு இறுக்கமாக இருத்தல் வேண்டும். இறுக்கமான குண்டை வாய்வழியே உள்ளே தள்ளுவதற்கு நேரமும் வலிமையும் வேண்டும். உள்ளே போகும்போது தளர்வாகவும், வெளியே வரும்போது இறுக்கமாகவும் இருக்கும் குண்டு ஒன்று வேண்டியிருந்தது. இது கேட்பதற்கு விடுகதை போலத் தோன்றும். இவ்விடுகதைக்கு விடை கண்டவர்களுள் ஒருவர் ஜான் நார்ட்டன் என்னும் ஆங்கிலப் படைத் தலைவர். அவர் தென்னிந்தியாவில் இருந்தபோது, இங்குள்ள மக்கள் ஊதுகுழலில் வைத்து ஊதும் அம்பின் அடிப்பகுதி மென்மையான நெட்டியால் ஆனது என்பதையும், ஊதியவுடன் அது விரிந்து குழலை அடைத்துக்கொள்கிறது என்பதையும் கண்டார் என்றும், அதிலிருந்தே அடிப்புறம் குழிந்த குண்டின் எண்ணம் அவருக்குத் தோன்றியது என்றும் கூறுவர். நார்ட்டனின் குண்டை அவருடைய அரசு ஏற்கவில்லை. பின்னர் பிரெஞ்சுக்காரரான மினியே என்பவர் 1840-களின் இறுதியில் அதே தத்துவத்தில் குண்டு ஒன்றை உருவாக்கினார். மென்மையான காரீயம், கூம்பிய முனை, குழிந்த அடி. மருந்து வெடித்தவுடன் எழும் வாயுவின் அழுத்தத்தால் அடிப்பகுதி விரிந்து சுரியை இறுகப் பற்றியது. காரீயத்தின் மென்மை இங்கே பலமாயிற்று. ஒரே தலைமுறைக்குள் போர்வீரனின் குறி நூறு கஜத்திலிருந்து முந்நூறு கஜத்துக்கும் அப்பால் நீண்டது. 1861 முதல் 1865 வரை நடந்த அமெரிக்க உள்நாட்டுப் போரில், இத்தகைய குண்டுகள் எலும்பைச் சிதைத்ததனால் கைகால்களை இழந்தோர் எண்ணற்றோர்.

இந்த இடத்தில்தான் மெழுகும் கொழுப்பும் கதைக்குள் வருகின்றன. காரீயம் மென்மையானது, எனவே இரும்புக் குழலில் உராய்ந்து செல்லும்போது சிறிது சிறிதாகக் குழலில் ஒட்டிக்கொள்ளும். அன்றியும், அக்காலத்துக் கரிமருந்து எரிந்த பின் பாதிக்கு மேல் கெட்டியான சாம்பலாக எஞ்சும். அது குழலை அடைத்துக்கொண்டால் அடுத்த குண்டு இறங்காது. இவ்விரண்டையும் தடுக்கக் குண்டின்மேல் ஏதேனும் ஒரு பசை தடவியாக வேண்டும். 1853-ஆம் ஆண்டு மாதிரியான என்ஃபீல்டு துப்பாக்கிக்குரிய தோட்டா, மருந்தும் குண்டும் ஒருங்கே வைத்துச் சுற்றிய காகிதக் குழாய். அதன் குண்டுள்ள பகுதியில் கொழுப்புத் தடவப்பட்டிருந்தது. சிப்பாய் தோட்டாவின் முனையைப் பல்லால் கடித்துக் கிழித்து, மருந்தைக் குழலில் கொட்டி, பிறகு குண்டைத் தள்ள வேண்டும். அக்கொழுப்பு பசுவினுடையது, பன்றியினுடையது என்ற செய்தி 1857-ஆம் ஆண்டு ஜனவரியில் கல்கத்தாவை அடுத்த டம்டம் படைத்தளத்தில் பரவிற்று. இந்துவுக்கும் இஸ்லாமியருக்கும் ஒருங்கே அது மாறாத இழுக்கு.

அதிகாரிகள் விரைந்து, கொழுப்பில்லாத தோட்டாக்களைக் கொடுத்து, சிப்பாய்கள் தாங்கள் விரும்பும் மெழுகையோ எண்ணெயையோ தாங்களே தடவிக்கொள்ளலாம் என்று கூறினர். ஆனால் ஐயம் கொழுப்பை விட்டுக் காகிதத்துக்குத் தாவியது. காகிதம் பளபளக்கிறதே, அதிலும் ஏதோ இருக்கிறது என்றனர். நம்பிக்கை ஒருமுறை முறிந்தால் விளக்கங்கள் பயன் தருவதில்லை. மார்ச் மாதம் 29-ஆம் நாள் பாரக்பூரில் மங்கள் பாண்டே கிளர்ந்தெழுந்தார். ஏப்ரல் 24-ஆம் நாள் மீரத்தில் அணிவகுத்து நின்ற 90 குதிரைப்படை வீரர்களுள் 85 பேர் தோட்டாவைத் தொட மறுத்தனர். மே 9-ஆம் நாள் அவர்களுக்கு எல்லோர் முன்னிலையிலும் விலங்கு பூட்டப்பட்டது. மறுநாள் மீரத் எழுந்தது. அயோத்தி அரசைப் பறித்தது முதலாகப் பல காரணங்கள் முன்னரே குவிந்திருந்தன என்பதை வரலாற்றாசிரியர் கூறுவர், அது மெய்யே. எனினும் குவிந்திருந்த வைக்கோலில் விழுந்த பொறி, ஒரு குண்டின்மேல் தடவிய பசைதான். அப்பசை என்ன வேலை செய்ய வேண்டும் என்று கணக்கிட்டவர்கள் அதை யார் தொடப் போகிறார்கள் என்று எண்ணிப் பார்க்கவில்லை. பின்னாளில் 1871-இல் வந்த மார்ட்டினி-ஹென்றி துப்பாக்கியின் தோட்டாவில் கொழுப்புக்குப் பதிலாகத் தேன்மெழுகு இடம்பெற்றது. இன்று குண்டு வார்ப்போரும் பெரும்பாலும் தேன்மெழுகைத்தான் தம் கலவைக்கு அடிப்படையாகக் கொள்கின்றனர்.

காரீயத்தின் ஆட்சிக்கு முடிவு கட்டியது இரசாயனம். 1884-இல் பிரெஞ்சு இரசாயனி பால் வியேல் புகையில்லா மருந்தைக் கண்டார். குண்டின் வேகம் வினாடிக்கு 400 மீட்டரிலிருந்து 600 மீட்டருக்கு மேல் தாவிற்று. அவ்வேகத்தில் மென்மையான காரீயம் சுரியைப் பற்றி நிற்க மாட்டாமல் வழுக்கிக் கிழிந்தது. முன்பு பலமாயிருந்த மென்மை இப்பொழுது குறையாயிற்று. ஸ்விட்சர்லாந்துக்காரரான எடுவர்ட் ரூபின் என்பவர் 1882-இலேயே காரீயத்துக்குச் செம்புக் கவசம் அணிவிக்கும் முறையைக் கண்டிருந்தார். 1886-இல் பிரான்சின் லெபல் துப்பாக்கி புகையில்லா மருந்தைக் கைக்கொண்டதும், பிற நாடுகளும் ஒவ்வொன்றாக அம்மருந்துக்கும் கவசக் குண்டுக்கும் மாறின. பிரிட்டனில் 1888-இல் லீ-மெட்ஃபோர்டும், 1895-இல் லீ-என்ஃபீல்டும் பிறந்தன. கவசக் குண்டு உடலைத் துளைத்துச் சென்றுவிடுகிறது, எதிரியை வீழ்த்துவதில்லை என்று கருதி, டம்டம் ஆயுதசாலையில் 1896-இல் முனையில் மட்டும் கவசம் நீக்கிய குண்டுகளைச் செய்தனர். அவை உடலுக்குள் விரிந்து கொடிய புண்களை உண்டாக்கின. 1899-ஆம் ஆண்டு ஹேக் மாநாடு அத்தகைய குண்டுகளைப் போரில் விலக்கிற்று. ஒரு வங்காளச் சிற்றூரின் பெயர் அவ்வாறு உலகச் சட்ட நூல்களில் ஏறியது.

இரண்டாம் உலகப் போர் முடிந்தபோது பல இலட்சக்கணக்கான துப்பாக்கிகள் கிடங்குகளில் தேங்கி நின்றன. பிரிட்டனின் லீ-என்ஃபீல்டு, ஜெர்மனியின் மௌசர், ரஷ்யாவின் மோசின்-நகாண்ட், அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டு, இத்தாலியின் கார்க்கானோ ஆகியவற்றை வணிகர்கள் மொத்தமாக வாங்கி, அமெரிக்காவில் மலிவு விலைக்கு விற்றனர். பத்திரிகை விளம்பரத்தைப் பார்த்துப் பணம் அனுப்பினால், துப்பாக்கி தபாலில் வீடு வந்து சேரும். 1963 நவம்பரில் குடியரசுத் தலைவர் கென்னடி கொல்லப்பட்டபோது, கொலைக்கருவி தபாலில் வாங்கிய ஒரு கார்க்கானோ என்பது தெரிய வந்தது. 1968-ஆம் ஆண்டுச் சட்டம் இத்தபால் வணிகத்துக்கு முற்றுப்புள்ளி வைத்தது. மலிவான பொருளுக்கும் விலை உண்டு என்பதை ஒரு நாடு அவ்வாறு கற்றது.

இவற்றைச் சேகரிப்போர் பெரும்பாலும் வரலாற்று ஆர்வம் உள்ளவர்கள். துப்பாக்கியின்மேல் பொறித்துள்ள முத்திரைகளைக் கல்வெட்டைப் போலப் படிப்பார்கள். எந்தத் தொழிற்சாலை, எந்த ஆண்டு, எத்தனை முறை பழுதுபார்க்கப்பட்டது, உறுப்புகளின் எண்கள் ஒத்திருக்கின்றனவா என்பன யாவும் அம்முத்திரைகளில் உண்டு. வங்காளத்து இஷாப்பூர் தொழிற்சாலையில் செய்யப்பெற்ற துப்பாக்கிகளும் அவர்களிடையே விரும்பி வாங்கப்படுகின்றன. புனேயை அடுத்த கட்கியில் 1869-இல் தொடங்கிய தோட்டாத் தொழிற்சாலையின் முத்திரை தாங்கிய பித்தளை உறைகளைச் சேர்ப்போரும் உண்டு. இத்துப்பாக்கி நம் நாட்டிலும் நெடுங்காலம் காவல்துறையின் கையில் இருந்தது; உத்தரப் பிரதேசக் காவல்துறை 2020-ஆம் ஆண்டுக் குடியரசு நாள் அணிவகுப்போடுதான் அதற்கு விடை கொடுத்தது.

துப்பாக்கி கிடைத்தும் அதற்குரிய தோட்டா கிடைப்பது அரிதாயிற்று. கிடைத்த பழைய இராணுவத் தோட்டாக்களிலும் ஒரு தீங்கு இருந்தது. அவற்றின் அடியில் உள்ள தீமூட்டிக் குமிழில் பொட்டாசியம் குளோரேட் இருந்தது. அது எரிந்தபின் எஞ்சுவது பொட்டாசியம் குளோரைடு. அது உப்பைப் போன்றதே. கடற்கரை ஊர்களில் உப்புக் காற்று இரும்பைத் தின்பதை நாம் காண்கிறோம். அவ்வாறே இவ்வுப்பும் காற்றின் ஈரத்தை ஈர்த்து, சில நாட்களுக்குள் குழலைத் துருப்பிடிக்கச் செய்யும். எண்ணெய் தடவினால் உப்பு கரையாது, நீரில்தான் கரையும். ஆகவே வெந்நீர் ஊற்றிக் கழுவ வேண்டும். இரசாயனம் அறிந்தவன் துப்பாக்கியைக் காத்தான். அறியாதவன் எண்ணெய் பூசி அதை இழந்தான். இக்காரணங்களாலும், செலவு கருதியும், பழைய குழலுக்குத் தேய்மானம் குறைவு என்பதாலும், சுட்ட பித்தளை உறையைத் திரும்பப் பயன்படுத்திக் காரீயக் குண்டு பொருத்தும் பழக்கம் அந்நாடுகளில் வளர்ந்தது.

வார்ப்பின் முறையை இனிக் காண்போம். தூய காரீயம் மிக மென்மையானது. அதனோடு சிறிது வெள்ளீயமும் ஆன்டிமனியும் கலந்தால் கடினமாகிறது. வெள்ளீயம் உருகிய உலோகத்தை அச்சின் மூலை முடுக்கெல்லாம் பாயச் செய்கிறது. ஆன்டிமனி உறுதி தருகிறது. இக்கலவையை நன்கு அறிந்திருந்தவர்கள் அச்சுத் தொழிலாளர்கள். 1886-இல் வழக்குக்கு வந்த லைனோடைப் யந்திரத்தின் எழுத்து உலோகத்தில் நூற்றுக்கு 84 பங்கு காரீயம், 12 பங்கு ஆன்டிமனி, 4 பங்கு வெள்ளீயம். தூய காரீயத்தைவிட அது நான்கு மடங்கு கடினம். உருகுவதோ சுமார் 240 டிகிரியிலேயே. உலோகம் ஒன்றோடொன்று கலந்தால் தனித்தனியே உருகுவதைவிடக் குறைந்த வெப்பத்தில் உருகக்கூடும் என்னும் பாடத்துக்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு இல்லை. ஈய எழுத்தில் அச்சிடும் முறை ஓய்ந்தபோது, நூல்களைப் பரப்பிய அந்த உலோகம் மூட்டை மூட்டையாக விலைக்கு வந்து, குண்டு வார்ப்போரின் மூசைக்குள் சென்றது.

உருகிய உலோகத்தில் சிறிது மெழுகை இட்டுக் கிளறினால் கசடு மேலே மிதக்கும். அதை வழித்து எடுப்பர். பின் இரும்பினாலோ அலுமினியத்தாலோ ஆன இரட்டை அச்சில் வார்ப்பர். அச்சு குளிர்ந்திருந்தால் குண்டின்மேல் சுருக்கம் விழும். மிகச் சூடாயிருந்தால் பனிபடர்ந்தது போல மங்கும். உருகிய காரீயத்தில் ஒரு துளி நீர் அமிழ்ந்தாலும் பெருங்கேடு. நீர் ஆவியாகும்போது கன அளவில் ஆயிரத்தறுநூறு மடங்குக்கு மேல் விரிகிறது. அவ்விரிவு மூசையில் உள்ள உலோகம் அனைத்தையும் வார்ப்பவன் முகத்தில் வீசிவிடும். வார்த்தெடுத்த குண்டுகளை ஒவ்வொன்றாக நிறுத்து, எடை குறைந்தவற்றை உள்ளே குழி விழுந்தவை என்று கண்டு மீண்டும் உருக்குவர். தேறியவற்றின் இடுப்பில் உள்ள பள்ளங்களில் மெழுகு நிரப்பி, அடியில் வாயு அரிக்காமல் காக்கச் சிறு செம்புக் கிண்ணம் ஒன்றைப் பொருத்துவர். இக்கிண்ணம், ஐடியல் என்னும் அமெரிக்க நிறுவனத்தைத் தோற்றுவித்த ஜான் பார்லோவின் கண்டுபிடிப்பு. இவ்வாறு வார்த்த குண்டைக் கவசக் குண்டின் முழு வேகத்துக்கு விரட்டுவதில்லை. அதனினும் குறைந்த வேகத்திலேயே செலுத்துவர்.

எல்லாவற்றிலும் முதன்மையானது அளவு. ஒரே பெயருடைய துப்பாக்கிகளாயினும், போர்க்கால அவசரத்தில் செய்யப்பட்டவை ஒன்றைப்போல் ஒன்று இருப்பதில்லை. .303 என்று பெயர் பெற்ற குழலில், சுரிப்பள்ளத்தின் விட்டம் ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் 311 பங்கிலிருந்து 316 பங்கு வரையும் வேறுபடுவதுண்டு. சிலவற்றில் ஐந்து சுரிகள். சிலவற்றில், உற்பத்தியை விரைவுபடுத்துவதற்காக, இரண்டே சுரிகள். ஆகவே மென்காரீயக் கட்டி ஒன்றைக் குழலினூடே மெல்லத் தட்டிச் செலுத்தி, அதில் பதிந்த அளவை நுண்ணளவுமானியால் அளந்து, அதனினும் ஆயிரத்தில் ஓரிரு பங்கு பெரிதாகக் குண்டு செய்வர். குண்டு சிறுத்திருந்தால் சூடான வாயு அதன் பக்கமாகப் பீறிட்டுக் காரீயத்தை அரித்துக் குழலில் அப்பிவிடும். பெயரை நம்பாமல் பொருளை அளந்து பார் என்பதே இங்குள்ள பாடம்.

இவ்வகையில் மாணவர்கள் நினைவிற் கொள்ளத்தக்க பெரியார் ஒருவர் உண்டு. அவர் பெயர் ஃபிராங்க்ளின் மான். அமெரிக்காவின் மாசாசூசெட்ஸ் மாநிலத்து மருத்துவர். குண்டுகள் ஏன் ஒரே இடத்தில் விழுவதில்லை என்னும் ஒரே கேள்வியை எடுத்துக்கொண்டு பல்லாண்டுகள் சோதனை செய்து, 1909-இல் அதன் முடிவுகளை நூலாக வெளியிட்டார். எல்லோரும் குண்டின் கூரிய முனையையே முக்கியம் என்று நினைத்தனர். அவர் முனை சிதைந்த குண்டுகளையும், அடி சிதைந்த குண்டுகளையும் வேண்டுமென்றே செய்து சுட்டுப் பார்த்தார். முனையில் உள்ள சிதைவு அவ்வளவாகக் கெடுக்கவில்லை. அடியில் உள்ள சிறு கோணலே பெரிதும் கெடுத்தது. குழலை விட்டு நீங்கும் கணத்தில், வாயு கோணலான அடியின் ஒரு பக்கமாக முந்திப் பாய்ந்து குண்டைச் சாய்த்துவிடுகிறது என்பதே காரணம். ஒரு நேரத்தில் ஒரு காரணத்தை மட்டும் மாற்றிச் சோதிப்பது என்னும் விஞ்ஞான முறைக்கு இதைவிடத் தெளிவான உதாரணத்தை, நான் வகுப்பறையில் பௌதிகம் கற்பித்த காலமெல்லாம் கண்டதில்லை.

இனி, இக்கதையின் இருண்ட பக்கத்தையும் சொல்லியாக வேண்டும். காரீயம் நஞ்சு. மெல்ல மெல்ல உடலிற் சேரும் நஞ்சு. அது சுண்ணாம்புச் சத்தைப் போல வேடமிட்டு எலும்பில் குடியேறி, பல்லாண்டுகள் தங்கி, இரத்தத்திற் சிறிது சிறிதாகக் கலக்கும். வளரும் குழந்தையின் மூளையை அது தாக்குகிறது. இழந்த அறிவாற்றலை எந்த மருந்தும் மீட்டுத் தருவதில்லை. இவ்வளவு வரை தீங்கில்லை என்று சொல்லத்தக்க அளவே காரீயத்துக்கு இல்லை என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. குண்டு வார்க்கும் வெப்பத்தில் எழும் ஆவி குறைவே. கசட்டின் தூளும், கையில் ஒட்டிய கறுப்பும், அந்தக் கையோடு உண்ணும் உணவும், சுடும் கூடத்தில் தீமூட்டிக் குமிழிலிருந்து காற்றிற் பரவும் காரீயப் புகையுமே பெருந்தீங்கு செய்வன. தந்தையின் உடையில் படிந்து வீட்டுக்கு வரும் தூள், தொட்டிலில் கிடக்கும் குழந்தையைச் சென்றடைகிறது.

பறவைகளும் தப்பவில்லை. கலிபோர்னியாவில் காண்டார் என்னும் பெருங்கழுகு இனம் 1982-இல் 22 பறவைகளாகச் சுருங்கிற்று. வேடர்கள் விட்டுச் சென்ற விலங்குகளின் உடலில் இருந்த காரீயத் துணுக்குகளை விழுங்கியது அவற்றின் அழிவுக்கு ஒரு முக்கிய காரணம். எஞ்சியவற்றைப் பிடித்து வளர்த்துப் பெருக்கி மீண்டும் காட்டில் விட்டனர். எனினும் காரீயம் அவற்றைத் தொடர்ந்து கொன்றது. 2019-ஆம் ஆண்டு ஜூலை முதல் அம்மாநிலத்தில் வேட்டைக்குக் காரீயக் குண்டைப் பயன்படுத்துவது அறவே தடுக்கப்பட்டது. பெட்ரோலிலிருந்தும் வண்ணப்பூச்சிலிருந்தும் காரீயத்தை நீக்கிவரும் உலகம், குண்டிலிருந்தும் அதை நீக்க முனைந்திருக்கிறது.

நம் நாட்டில், 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி, உரிமம் இன்றித் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதும் செய்வதும் குற்றம். எனவே மேலே கூறியவை அறிவதற்கு உரியனவே அன்றிச் செய்து பார்ப்பதற்கு உரியன அல்ல. அடுப்பில் காரீயத்தை உருக்கிப் பார்க்கும் ஆசையையும் மாணவர்கள் விட்டுவிட வேண்டும். அறிவதற்கு வேண்டியவை அருங்காட்சியகங்களில் உள்ளன. சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்துக்குச் செல்லும்போது பழைய படைக்கலங்களின் முன் சிறிது நேரம் நில்லுங்கள். குழல் வழுவழுப்பானதா, சுரியுள்ளதா, குண்டு வாய்வழியே போடப்பட்டதா, பின்புறமாகப் போடப்பட்டதா என்று உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். அந்நான்கு கேள்விகளுக்கும் விடை தெரிந்தால் அப்படைக்கலம் எந்தக் காலத்தது என்பதை ஏறத்தாழ நீங்களே சொல்லிவிடலாம்.

ஊசலால் வேகத்தை அளந்த ராபின்ஸும், குண்டின் அடியைச் சோதித்த மானும் காரீயத்தின் ஒரு முகத்தைக் காட்டினர். மீரத்தில் விலங்கு பூட்டப்பெற்ற 85 வீரர்களும், குழந்தையின் இரத்தத்தைச் சோதிக்கும் மருத்துவரும் அதன் மற்றொரு முகத்தைக் காட்டுகின்றனர். ஒரு பொருளின் எடையையும் உருகுநிலையையும் மட்டும் அறிந்தவன் அதைப் பாதியே அறிந்தவன். அது யார் கைக்குச் செல்லும், யார் உடலில் தங்கும் என்பதையும் கேட்டு அறிபவனே அப்பொருளை முழுதும் அறிந்தவன் ஆவான். பௌதிக நூலைத் திறக்கும் மாணவர்கள் அதன் பக்கத்தில் வரலாற்று நூலையும் திறந்து வைத்துக்கொள்வார்களாக.